எனக்கு மட்டும் ஒரு ஹெல்மெட்

வைகாசி வெயிலில், காலை பத்தரை மணிக்கு, ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஒரு மனிதன் கொல்லைப்பக்கம் நிற்கிறான். தலையில் ஹெல்மெட். கண்ணாடி இறக்கிவிடப்பட்டிருக்கிறது. காலில் இரண்டு ஜோடி காலுறை, அதற்குள் பேண்ட் செருகியிருக்கிறது. இடது கையில் கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் ஸ்ப்ரே, வலது கையில் ஒட்டடைக்குச்சி. தெருவில் யாராவது பார்த்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

அந்த மனிதன் நான்தான். வருஷம் 2019. ஊர் பட்டுக்கோட்டை.

அதற்கு ஆறு மாதம் முன்பு, 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில், கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டிருந்தது. தென்னையை நம்பியிருந்த ஊர்களெல்லாம் ஒரே இரவில் மொட்டையாயின. மரம் விழாத வீடு எங்கள் தெருவில் இல்லை. எங்கள் கொல்லையில் இருந்த முருங்கை வேரோடு போனது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் கொல்லையில் வாழை, பப்பாளி எல்லாம் போய் ஒரே ஒரு எலுமிச்சை மரம் மிஞ்சியது. அதுவும் நேராக நிற்கவில்லை. எங்கள் மதில்மேல் சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதுபோல நின்றது. பெரியம்மா மூங்கில் கழி ஒன்றை முட்டுக்கொடுத்து, தேங்காய்நார்க் கயிற்றால் இழுத்துக் கட்டினார். "இது பொழச்சுக்கும் தம்பி" என்றார். பிழைத்துக்கொண்டது. மாசியில் பூத்து, சித்திரையில் காய் பிடித்தது.

அந்த மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தெருவில் புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு வைக்கும் பழம் அந்த மரத்தில்தான் பறிக்கப்படும். யாருக்காவது பித்தத்தில் தலை சுற்றினால் அந்த மரம்தான். எங்கள் வீட்டில் எலுமிச்சை வாங்கியதாக நினைவே இல்லை. தெருவுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜூஸ் கடைக்காரர் வாரம் ஒருமுறை வந்து எடுத்துப்போவார். பிள்ளை அனுப்பும் பணம் வீட்டுச் செலவுக்கு. எலுமிச்சைக் காசு பெரியம்மாவின் சுருக்குப்பைக்கு. கோயில் உண்டியல், பேத்திக்கு வளையல், வெற்றிலை பாக்கு எல்லாம் அதிலிருந்துதான். "இது என் சம்பளம்" என்று சிரிப்பார்.

மதிலுக்கு இந்தப் பக்கம் சாய்ந்த கிளையில்தான் குளவி கூடு கட்டியது. முதலில் ஒன்றிரண்டு வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு காம்பு, அதன் முனையில் நாலைந்து சின்ன அறைகள். சாம்பல் நிறத்தில், ஈரம் பட்டுக் காய்ந்த காகிதம்போல. எங்கள் கொல்லைக் கதவின் பழைய மரச்சட்டத்தில் ஒரு குளவி உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த மரத்தூளை மென்று எச்சிலில் குழைத்துத்தான் அது கூடு கட்டுகிறது என்பது அப்போது தெரியாது. கதவை ஏதோ செய்கிறது என்று விரட்டினேன். வைகாசி வருவதற்குள் கூடு உள்ளங்கை அகலம் ஆகியிருந்தது. முப்பது நாற்பது குளவி இருக்கும். ஒன்றும் செய்யவில்லை. அதன் கீழேதான் குழாயடி. தினமும் தண்ணீர் பிடித்தோம், துணி அலசினோம், ஒரு தடவைகூட கொட்டவில்லை.

பிறகு ஏன் கலைக்கப் போனேன்? இதற்கு நேர்மையான பதில் கொஞ்சம் கேவலமானது. புயலுக்குப் பிறகு எனக்குத் தோட்டப் பைத்தியம் பிடித்திருந்தது. பை பையாக மண் நிரப்பிக் கத்தரி, வெண்டை, தக்காளி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பர்கள் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தோட்டத்தை நடந்து காட்டும்போது தலைக்குமேல் குளவிக்கூடு தொங்கினால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. அவ்வளவுதான். மனைவியும் பிள்ளைகளும் கோடை விடுமுறைக்குப் பேராவூரணி போயிருந்தார்கள். தடுக்க ஆளில்லாத வீட்டில் ஆண்பிள்ளைக்கு வரும் துணிச்சல் எப்படிப்பட்டது என்று அவரவருக்குத் தெரியும்.

கைப்பேசியில் நாலைந்து வீடியோ பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒருவர் கூட்டை நெருங்குவார், ஸ்ப்ரே அடிப்பார், குளவிகள் பொலபொலவென்று உதிரும், அவர் சிரிப்பார். இருட்டிய பிறகுதான் குளவிகள் எல்லாம் கூட்டில் அடங்கியிருக்கும், கண்ணும் சரியாகத் தெரியாது, எந்த வேலையானாலும் அப்போதுதான் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நண்பர்கள் பன்னிரண்டு மணிக்கு வருகிறார்கள். இருட்டும்வரை எப்படிக் காத்திருப்பது?

மதிலுக்கு அந்தப் பக்கம், மரத்தடி நிழலில், பெரியம்மா முக்காலி போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் அவர் அங்கேதான் இருப்பார். வானொலிச் சத்தம் கேட்டது.

எனக்குத் தெரியும். தெரியாது என்று எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். வானொலிச் சத்தம் காதில் விழுந்ததும், அதைக் கேட்டுக்கொண்டேதான் ஹெல்மெட் வாரைப் பூட்டினேன் என்பதும் மறக்கமாட்டேன் என்கிறது.

ஸ்ப்ரே எட்டவில்லை. பாதி காற்றில் போய், மீதி என் கண்ணாடியிலேயே படிந்தது. நாலைந்து குளவி கீழே விழுந்தது. மற்றதெல்லாம் கூட்டின்மேல் எழுந்து நின்று இறக்கையை விரித்தன. அப்போதாவது விட்டிருக்கலாம். பதற்றத்தில் ஒட்டடைக்குச்சியை ஓங்கி வீசினேன். கூடு காம்போடு பிய்ந்தது. நான் என் பக்கம் விழும் என்று நினைத்தேன். அது மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது.

ஒரு நொடி ஒன்றுமில்லை. வானொலி மட்டும் பாடியது. பிறகு முக்காலி உருண்ட சத்தம், "ஐயோ, அம்மாடி" என்று ஒரு குரல்.

இந்த இடத்தில் நான் மதிலேறிக் குதித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் வீட்டுக்குள் ஓடினேன். ஓடி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ரெயின்கோட்டில் ஏழு பட்டன். அழுத்திப் பூட்டுகிற மாதிரி. ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். நாலாவது பட்டன் சிக்கிக்கொண்டது. வெளியே பெரியம்மா கத்துகிறார். உள்ளே நான் நாலாவது பட்டனோடு மல்லுக்கட்டுகிறேன். அந்தக் கோலத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது மனதில் இல்லை. ரெயின்கோட்டைச் சுருட்டித் துணிக்கூடையில் போட்டுவிட்டு, தலையைக் கையால் கோதிக்கொண்டு, அப்போதுதான் சத்தம் கேட்டு ஓடி வருகிறவனைப் போல வாசல்வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

ஐந்து இடத்தில் கொட்டியிருந்தது. புருவத்தில் ஒன்று, கன்னத்தில், கழுத்தில், முழங்கையில் இரண்டு. முந்தானையால் அடித்து அடித்து விரட்டியிருக்கிறார். அடிபட்ட குளவியிடமிருந்து வரும் விஷ வாசனையே பல இனங்களில் மற்றவற்றைச் சண்டைக்கு அழைக்கும் என்று பிறகு படித்தேன். எதிர்வீட்டு ஆத்தா வெற்றிலைப் பெட்டியோடு வந்து சுண்ணாம்பு தடவினார். ஒருவர் கொடுக்கைத் தேடினார். தேனீதான் கொடுக்கை விட்டுவிட்டுச் சாகும். குளவி விடாது, அதனால்தான் ஒன்றே பல தடவை கொட்டும். இல்லாத கொடுக்கைத் தேடிக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிஷத்தில் பெரியம்மாவின் வயிறு, முதுகு, தொடை எல்லாம் சிவந்து தடிக்க ஆரம்பித்தது. "தொண்டை அடைக்குது தம்பி" என்றார். பிறகு வாந்தி எடுத்தார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் பார்த்தவர் ஒரு சின்ன வயசு டாக்டர். பார்த்தவுடனே தொடையில் ஓர் ஊசி போட்டார், அட்ரினலின். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. கொஞ்சம் தெளிந்த பிறகு என்னை வெளியே கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "கொட்டின இடம் வீங்குறது எல்லாருக்கும் வரும். கொட்டாத இடம் தடிச்சா, மூச்சு முட்டினா, தலை சுத்தினா, நாக்கு வீங்கினா அது வேற. அதுக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது." இப்போது சரியானாலும் சில பேருக்குச் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரும் என்பதால் இரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். "அடுத்த தடவை கொட்டினா இதவிட மோசமாகலாம். பாத்துக்குங்க" என்றும் சொன்னார்.

பிறகுதான் கேட்டார். "எப்படி இது? கூட்ட யாராவது கலைச்சாங்களா?"

பெரியம்மாவின் தங்கை, எதிர்வீட்டுக்காரர், ஆட்டோக்காரர் எல்லோரும் நின்றார்கள். என் மணிக்கட்டில், கையுறைக்கும் ரெயின்கோட்டுக்கும் நடுவே ஒரு குளவி என்னையும் கொட்டியிருந்தது. முழுக்கை சட்டையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"தெரியல சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்க்கு ஒரு கால் போதாது என்று தோன்றியதோ என்னவோ, "காக்கா தட்டிவிட்டிருக்கும்" என்றேன்.

கொட்டக் கொட்டக் குளவியாகும் என்று ஒரு பழமொழி உண்டு. மண்கூட்டுக்குள் குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து வைக்கும். கொட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் புழுவும் ஒருநாள் குளவியாகிப் பறந்துபோகும் என்று நம்முடைய பெரியவர்கள் நம்பினார்கள். என் காக்காய் அப்படித்தான் குளவியானது. நான் சொன்னது ஒரு தடவை. எதிர்வீட்டுக்காரர் தெருவில் சொல்லும்போது, "இவர் பாத்திருக்காரு, காக்கா வந்து கூட்டக் கொத்துச்சாம்" என்று ஆகியிருந்தது. இரண்டு நாளில் பெரியம்மாவே, "படபடன்னு சத்தம் கேட்டுச்சு, காக்காதான்" என்று சொல்ல ஆரம்பித்தார். அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கும் இடத்தைக்கூட மதிலிலிருந்து மொட்டை மாடிக்கு மாற்றினார். காக்காய்க்கே என்னால் மதில் போயிற்று. உண்மையில் புழு குளவியாவதில்லை. கூட்டுக்குள் குளவி இடும் முட்டையிலிருந்து வரும் குஞ்சுதான் அந்தப் புழுவை உயிரோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வளர்கிறது. வெளியே பார்க்கிறவர்களுக்குத்தான் அது பழமொழி.

சென்னையிலிருந்து பெரியம்மாவின் மகன் வந்தார். நல்ல பிள்ளை. அம்மாவின் முகத்தைப் பார்த்து அழுதார். ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. பிறகு கொல்லையில் நின்று மரத்தை வெகுநேரம் பார்த்தார். என்னிடம்தான் கலந்து பேசினார்.

"ஆளுங்க கலைச்சா ஆளுங்ககிட்ட சொல்லலாம். காக்காவுக்கு என்ன சொல்றது? மரம் இருந்தா கூடு வரும். கூடு இருந்தா காக்கா வரும். அடுத்த தடவை அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. தப்பு, நான் கொடுத்த முதல் எண்ணில் இருந்தது.

"நீங்க என்னண்ணே சொல்றீங்க?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம் தம்பி" என்றேன்.

மரம் வெட்டுகிற ஆள் மறுநாள் காலை வந்தார். எலுமிச்சை முள் கையைக் கிழிக்கும் என்று கூலி கூடுதலாகக் கேட்டார். ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. கஜாவுக்கு விழாத மரம். அடிமரத்தில் கயிறு கட்டிய இடம் மட்டும் தழும்பாக உள்வாங்கியிருந்தது. காய்களைப் பெரியம்மா ஒரு அன்னக்கூடையில் பொறுக்கி எங்களுக்கும் ஒரு பங்கு அனுப்பினார். பச்சைக் காய்கள். ஊறுகாய் போடலாம் என்று மனைவி சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். புளிப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அடுத்த பொய்.

குற்றம் செய்தவன் படிப்பதைப் போல வேறு யாரும் படிக்க முடியாது. அடுத்த சில மாதங்கள் குளவியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தென்னிந்தியாவில் வீட்டு ஜன்னல், கூரை, செடிகொடிகளில் காகிதக் கூடு கட்டும் ஒரு குளவி இனத்தை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார் என்று தெரிந்தது. ரோபாலிடியா மார்ஜினேட்டா என்று பெயர். ஒவ்வொரு குளவியின்மீதும் வண்ணப்புள்ளி வைத்து, தனித்தனி ஆளாக அடையாளம் கண்டு, மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் கூட்டில் ராணிதான் ரொம்பச் சாதுவாம். மிரட்டுவதோ அதட்டுவதோ இல்லையாம். 2001-இல் அதைப் பற்றி ஒரு பெரிய நூலே வந்திருக்கிறது. ஒருவர் புள்ளி வைத்து எண்ணிய பூச்சியை நான் ஒட்டடையோடு ஒட்டடையாகத் தட்டியிருக்கிறேன்.

பெரிய குளவிகள் பூவில் தேன் குடிக்கும். ஆனால் கூட்டில் இருக்கும் குஞ்சுகளுக்குக் கறி வேண்டும். அதற்கு இலை தின்னும் புழுக்களைப் பிடித்து, மென்று, உருண்டையாக்கிக் கொண்டுபோகின்றன. அந்த வருஷம் ஆடியில் என் கத்தரியும் வெண்டையும் சல்லடையாயின. எங்கள் கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல உட்கார்ந்திருக்கும் புழுக்கள் வந்து, ஒரே வாரத்தில் வெறும் காம்புகளை மிச்சம் வைத்தன. குளவி போனதால்தான் புழு வந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். எலுமிச்சையில் முட்டையிடும் பட்டாம்பூச்சிக்குக் கறிவேப்பிலையும் சொந்தம்தான். மரம் போனதால் இங்கே வந்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் வழி என் வீட்டு ஒட்டடைக்குச்சியில் போய்த்தான் முடிந்தது.

இதையெல்லாம் படித்தேனே தவிர, பெரியம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை. கொரோனா வந்தது, போனது. ஊரடங்கு நேரத்தில் மதில்மேலே கீரையும் மோரும் கைமாறின. சொல்வதற்கு எத்தனையோ சாயங்காலம் கிடைத்தது.

2022 புரட்டாசியில் எங்கள் தெருக்கோடித் தென்னையில் கதண்டு கட்டியது. குளவிக்கூடு உள்ளங்கை என்றால் இது பானை. சுற்றிலும் காகித ஓடு மூடி, ஒரு பக்கம் மட்டும் வாசல். கறுப்பு உடம்பு, வயிற்றைச் சுற்றி ஒரு மஞ்சள் பட்டை. கதண்டு கொட்டி ஆள் செத்த கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஒன்றிரண்டு தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற வழி அது. 101-க்குப் போன் செய்தோம்.

இருட்டிய பிறகுதான் தீயணைப்பு வண்டி வந்தது. ஐந்து பேர். மூத்தவர் ஒருவர் இறங்கி, தென்னையை டார்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். "அம்மா, கதண்டு எடுக்கப் போறோம். லைட்ட அணைச்சுருங்க. ஜன்னல் கதவெல்லாம் சாத்திக்குங்க. நாங்க வந்து சொல்றவரைக்கும் யாரும் வெளிய வர வேண்டாம்." அடுத்த வீடு. அதையே சொன்னார். அதற்கடுத்த வீடு. மாடு கட்டியிருந்த வீட்டில் அவிழ்த்து அந்தப் பக்கம் கட்டச் சொல்லி, கட்டும்வரை நின்றார். கதவு திறக்காத ஒரு வீட்டில் மூன்று தடவை தட்டினார். மற்றவர்கள் கழியில் பந்தம் சுற்றித் தயாராகக் காத்திருந்தார்கள். தெருவின் இரண்டு பக்கமும் இருபத்திரண்டு வீடு. முக்கால் மணி நேரம் அவர் கதவு தட்டினார். பந்தம் எரிந்தது பத்து நிமிஷம்.

நான் எங்கள் வீட்டு ஜன்னல் இடுக்கு வழியாக இருட்டில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கதவிலும் அவர் தலையில் இருந்த கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார். பேச்சு சரியாகக் கேட்கவேண்டும் என்பதற்காக இருக்கும். பேசி முடித்ததும் மாட்டிக்கொள்வார். அடுத்த கதவு. மறுபடி கழற்றுவார். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. மதில் எத்தனை உயரம்? ஐந்தரை அடி. "பெரியம்மா, கொஞ்சம் உள்ள போங்க." நாலு வார்த்தை. வானொலி பாடிக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து வெளியே வந்தோம். யாரோ டீ கொண்டுவந்தார்கள். பெரியம்மா வாசற்படியில் நின்றபடி அந்த மூத்தவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"நல்லவேளை எடுத்தீங்க தம்பி. இதுங்க சும்மா இருக்கறவங்களையே கொட்டும். எனக்குக் கொட்டிருக்கு. ஊசி போட்டுப் பொழச்சேன்."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "சும்மா கொட்டாதும்மா" என்றார். "கூட்ட யாராவது தொட்டிருப்பாங்க."

"இல்ல தம்பி, காக்கா தட்டிவிட்டுருச்சு." பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "இவங்க பாத்தாங்க. கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். சந்தேகமாக எல்லாம் பார்க்கவில்லை, பதிலுக்காகப் பார்த்தார். பெரியம்மாவும் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் பயத்தில் சொன்னதை இப்போது நிதானமாக, டீ குடித்துக்கொண்டே, மறுபடி சொல்லவேண்டும். வாயைத் திறக்க வேண்டியதுகூட இல்லை.

நான் தலையை ஆட்டினேன்.

முதல் பொய்க்குப் பதற்றம் என்று ஒரு சாக்கு இருந்தது. இதற்கு எதுவும் இல்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. விடிகாலையில் மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "ரெயின்கோட்டுமா?" ஆமாம் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் காப்பி போடல" என்றாள்.

பெரியம்மா கோலம் போட்டு முடித்துப் படியில் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். ஸ்ப்ரே, ஒட்டடைக்குச்சி, ஹெல்மெட், ஏழு பட்டன், கட்டிலுக்கு அடியில் தள்ளியது. ஒன்றையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசவில்லை. கோலமாவு டப்பாவின் மூடியை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உயிர் போகப் பார்த்ததைச் சொல்லி அழுவார் என்று எதிர்பார்த்தேன். பரவாயில்லை தம்பி, விடுங்க என்று சொல்வார் என்று, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதையும் எதிர்பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாக அங்கே வெயில் மட்டும் தெரிந்தது.

"அப்ப மரத்த வெட்டிருக்க வேண்டியதில்லயே தம்பி?"

கேள்வியாகத்தான் கேட்டார். நான் இல்லை என்று சொல்லவேண்டும். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியவில்லை. சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார்.

அந்தத் தீபாவளிக்கு மனைவி அதிரசமும் முறுக்கும் வைத்துத் தட்டு அனுப்பினாள். தட்டு திரும்பி வந்தது. வெறுமையாக. கழுவித் துடைத்து, ஒரு சிட்டிகைச் சர்க்கரைகூட இல்லாமல். பதினாறு வருஷப் பழக்கத்தில் அந்த வீட்டிலிருந்து வெறுந்தட்டு வந்ததே இல்லை. நான் அதை வாங்கி அலமாரியில் வைத்தேன். நியாயமான தட்டு.

பொங்கலுக்குத் தட்டில் நாலு வெற்றிலை இருந்தது. பிறகு மெதுவாகப் பேச்சு வந்தது. மகனிடம் சொன்னாரா என்று தெரியாது. அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் நான் கண்ணில் படாமல் இருக்கப் பார்க்கிறேன். எலுமிச்சைப் பழம் கடையில் வாங்குகிறோம், அவரும்தான். கோடையில் ஒரு பழம் பத்து ரூபாய் விற்கும்போது, காய்கறிக் கடையில் அவருக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தால், நான் புளிக்கு மாறிவிடுவேன்.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் வீட்டு மோட்டார் ரூம் சன்ஷேடுக்கு அடியில் குளவி வந்து காம்பு வைத்தது. அதே சாம்பல் காகிதம். கலைக்கவில்லை. வழியிலிருந்து விலகி உயரத்தில்தான் இருக்கிறது. மார்கழி வரை பார்ப்போம் என்று விட்டிருக்கிறேன். ஆனால் பால்காரரிடம் சொன்னேன், தண்ணீர் கேன் போடும் பையனிடம் சொன்னேன், மீட்டர் பார்க்க வந்தவரிடம் சொன்னேன். எதிர்வீடு, பின்வீடு. கடைசியாக, தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரியம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"பெரியம்மா, எங்க மோட்டார் ரூம்ல குளவி கட்டியிருக்கு. நான் தொடமாட்டேன். எடுக்கணும்னா ஆள வெச்சு, ராத்திரியில, உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் எடுப்பேன். அந்தப் பக்கம் மட்டும் வராதீங்க."

முழுவதும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அதான் சொல்லிட்டீங்கள்ல, சரி" என்றார். கதவைச் சாத்தப் போனவர் நின்றார். "அந்த ஹெல்மெட் இருக்கா இன்னும்?"

"இருக்கு."

"அத எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

கொடுத்துவிட்டேன். அவர் வீட்டுத் திண்ணையில், ஆணியில் தொங்குகிறது. வண்டிக்கு நான் வேறு வாங்கிக்கொண்டேன்.